மூக்கிலிருந்து ஐந்தடி

இந்தியாவில் ரேஞ்ச்ஃபைண்டரைத் தன் கையால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரியாது. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்லுமுன் சொல்கிறவனின் தகுதியைச் சொல்வது முறை.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது ஜெர்மன் கேமராவின் தலையில் இருக்கும் சின்ன ஜன்னல். அதன் வழியே பார்த்தால் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருவராவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி அமுக்கினால் படம் துல்லியமாக விழும். கேமரா அடிபட்டால் இந்த ஏற்பாடு பிசகிவிடும். ஜன்னலில் ஒருவராகத் தெரிந்தவர் ஃபிலிமில் கஞ்சியாக விழுவார்.

என் கேமராவுக்கு முன்பு சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்கார துரை. அய்யனார் கோவில் அருவியைப் படம் எடுக்கப் போய், வழுக்குப் பாறையில் கேமராவை முதலிலும் தம்மைப் பிறகும் போட்டார். கப்பலேறும்போது இனி உதவாது என்று அதை எனக்குக் கொடுத்தார். நான் அப்போது மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். உதவாதவற்றைச் சேர்ப்பதில் எனக்குப் பெயர் உண்டு.

கோடை விடுமுறையில் ராஜபாளையத்தில் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து கேமராவின் முன்பக்கத்துத் திருகாணியைக் கழற்றினேன். உள்ளே இன்னொரு குட்டித் திருகாணி. வெகுதூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே, அது ஒன்றாகத் தெரியும்வரை இதைத் திருக வேண்டும். ஏழு மைலுக்கு அப்பால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இருந்தது. அதைவிட அசையாத பொருள் இந்த ஜில்லாவில் கிடையாது.

"ஏலே, வேதக்காரப் பிள்ள மூணு நாளா கோபுரத்தையே பாத்துக்கிட்டு இருக்கான்னு தெருவே பேசுது. சபை ஐயரு காதுல விழுந்தா நான் என்ன சொல்ல?" என்றாள் அம்மா. நாங்கள் கிறிஸ்தவர்கள்; சபை ஐயர் எங்கள் பாதிரியார்.

"ரெண்டு கோபுரத்த ஒண்ணாக்குதான்னு சொல்லும்மா."

"ஒரு கோபுரத்துக்கே நம்மாளுவ முகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாவ. ஒனக்கு ரெண்டு கேக்குதாக்கும்."

அம்மா பெயர் ஞானரத்தினம். அவளுடைய அக்கா ஏசம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் படுத்த படுக்கையாக இருந்தாள். பெரியம்மாவின் மகன் வேதசிரோமணி அண்ணன் பட்டாளத்தில், எகிப்து மணலில். அது நாற்பத்திரண்டாம் வருஷம். அண்ணன் எனக்கு எழுதினான்: 'என்னால் வர முடியாது. அம்மாவுக்கு ஏதாவது ஆனால் முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.'

போட்டோ விஷயத்தில் நம் ஜனங்களின் புத்தியைப் பற்றி நான் ஏற்கெனவே கல்லூரிப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். எங்கள் விடுதிச் சமையற்காரர் முத்துவீரன், செத்துப்போன மனைவியின் படத்துக்கு முன் நின்று குழம்பில் உப்பு சரிதானா என்று தினமும் கேட்பார். படத்துக்குக் காது உண்டா, நாக்கு உண்டா என்று விரிவாக ஆராய்ந்து, உப்பு அதிகம் என்று கட்டுரையை முடித்திருந்தேன். நல்ல வரவேற்பு. முத்துவீரன் மட்டும் ஒரு வாரம் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை.

இருந்தாலும் அண்ணனுக்குப் பதில் போட்டேன். ரேஞ்ச்ஃபைண்டரை நானே சரிசெய்துவிட்டேன், கண்ணிமை மயிர்வரை தெரியும் என்று எழுதினேன். உயிரோடு இருக்கும்போதே பெரியம்மாவை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பவர்கள் அசைவார்கள். யுத்தத்தில் ஃபிலிம் கிடைப்பதில்லை. என்னிடம் இருந்தது ஐந்து படத்துக்கு மட்டும்.

பெரியம்மா ஆடியில் இறந்தாள். பெட்டி மூடுமுன் மூன்று படம் எடுத்தேன். ஜன்னலில் இரண்டு முகமும் ஒன்றாகத்தான் பொருந்தின. ஃபிலிமில் அந்த மூன்று படத்தை மட்டும் இருட்டில் வெட்டிக் கழுவிப் பார்த்தால், பின்சுவரில் சபை ஐயர் மாட்டியிருந்த குடையின் கம்பிகளை எண்ணிவிடலாம். பெரியம்மா இருந்த இடத்தில் கஞ்சி.

தூரத்துக்கு ஒரு திருகாணி இருப்பதுபோல் கிட்டத்துக்கு ஒரு குட்டி உலோகக் கை லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உண்மையை அண்ணனுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் இமைமயிர் என்று முன்பே எழுதிவிட்டேன். படித்தவன் எழுதியதை மாற்றி எழுதினால் படிப்புக்கு மரியாதை இருக்காது.

அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். தையற்காரரின் டேப்பால் அவள் மூக்கிலிருந்து கேமராவுக்குச் சரியாக ஐந்தடி அளந்தேன். லென்ஸ் வளையத்தை ஐந்தில் வைத்தேன். ஜன்னலில் அம்மாவுக்கு இரண்டு மூக்கு. குட்டிக் கையைக் கொஞ்சங்கொஞ்சமாக வளைத்தேன். அரைநாள் ஆயிற்று. இரண்டு மூக்கும் ஒரு மூக்காயின. வேலை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் வெள்ளைச்சேலையைக் கொண்டுவந்து முகம் மட்டும் தெரியும்படி அவளைப் போர்த்தினேன். தாடையைச் சேர்த்துக் கட்டத் துணியைக் கிழித்தபோதுதான் கேட்டாள்.

"அக்காவுக்கா?"

"அண்ணனுக்கு."

"பெத்தவள அவனுக்குத் தெரியாதாலே?"

"பாத்து மூணு வருஷமாச்சு. ஒனக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே சாடைதான்னு எல்லாரும் சொல்லுதாவ."

தலையணையை இழுத்துத் தலையை நேராக்கிக்கொண்டாள்.

"சரி. மூக்குல மட்டும் பஞ்சு வைக்காத, தும்மல் வரும்," என்றாள். கட்டி முடித்தபின் துணிக்குள்ளிருந்து, "மூச்சு விடலாமா?"

"செத்தவ விடுவாளாம்மா?"

விடவில்லை. நான் சாவகாசமாகத்தான் அமுக்கினேன்.

கட்டை அவிழ்த்ததும் எழுந்து உட்கார்ந்து, தலையை வாரி, பூப்போட்ட ரவிக்கையை மாற்றிக்கொண்டு வந்தாள். அதுவரை யாரும் அவளைப் படம் எடுத்ததில்லை. அப்பா இருந்த காலத்திலும் இல்லை.

"இன்னும் ஒண்ணு எடுக்கலாம்னியே. கண்ணத் தொறந்துக்கிட்டு எனக்கு ஒண்ணு எடுலே."

கிட்டத்தைச் சரிசெய்யும்போது தூரம் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அறிந்தவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் விடமாட்டார்கள். மாடிக்குப் போய்க் கடைசிப் படத்தைக் கோபுரத்துக்குச் செலவழித்தேன்.

"வேதக்காரன் வீட்டுல கோபுரத்துக்குத்தான் போட்டோ," என்றாள் அம்மா, நான் இறங்கி வந்தபோது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த ஃபிலிம் வரட்டும் என்றேன்.

பெரியம்மாவின் மூன்று நெகட்டிவையும் அடுப்பில் போட்டேன். ஃபிலிம் நன்றாக எரியும். அவளுக்கு வேறு படம் கிடையாது.

அண்ணனிடமிருந்து பதில் வந்தது. 'அம்மா தூங்குகிறதுபோல் இருக்கிறாள். இதைப் பார்த்தபின்தான் எனக்குச் சோறு இறங்கியது.' ஃபோகஸைப் பற்றிய பாராட்டாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள்தான் இருந்தாள். கேமரா பெட்டியில் இருந்தது. தூரமும் சரியாக இருந்தது, கிட்டமும் சரியாக இருந்தது. ஃபிலிம் இல்லை.

யுத்தம் முடிந்து அண்ணன் வந்தான். எகிப்திலிருந்து அந்தப் படத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து, மதுரையில் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கூடத்தில் மாட்டினான். அவன் மனைவி தேவகிருபை மதினி, பெரியம்மாவைக் கடைசிவரை தூக்கிக் கழுவியவள், படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"கடைசில அத்த ரொம்ப மெலிஞ்சில்லா போயிருந்தாவ. இதுல கன்னம் இருக்கே தம்பி."

"லென்ஸ் அப்படி, மதினி."

"அப்படியா?" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

இதில் குற்றம் என்று பார்த்தால் ஒன்றுதான். ஒரு மகன் தன் தாயென்று என் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தாயை நான் அடுப்பில் போட்டேன். என் தாய் கண் திறந்த படம் கேட்டபோது கோபுரத்தை எடுத்தேன். எண்ணினால் மூன்று வருகிறது. எண்ணாமல் விட்டால் ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். மதினி கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அண்ணன் சாப்பாட்டுக்கு வரும்வரை கூடத்தில் யாரும் இல்லை. பஸ் ஏன் தாமதம், ராஜபாளையத்தில் மழை உண்டா இல்லையா, பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று, வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மிகவும் நெருங்கி நிற்பதால் படத்தின் கண்ணாடியில் மூச்சு படிகிறது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் நிற்பேன்.

தப்பாக நினைக்க வேண்டாம். இமைமயிர் தெரிகிறதா என்று பார்க்கத்தான் போகிறேன்.