காய்ச்சலுக்குப் போட்ட உத்தரவு

கொரோனா ஊசி போடாதவர்களுக்கு வேலை இல்லை என்று கம்பனிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஓர்ஸ் ஹில் தரிப்பிடத்தில் கந்தளாய் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி தையல் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். மற்றவள் ஆஸ்பத்திரி ஊழியை.

"ஊசி போட்ட ஆக்களுக்குக் காய்ச்சல் வரக் கூடாதெண்டு எங்கட மனேஜர் உத்தரவு போட்டிருக்கிறார் அக்கா," என்றாள் சீருடைக்காரி.

"இதென்ன கதை பிள்ளை?"

"ஓம். எங்கட சுமதி நெருப்பாக் காயுற உடம்போட லீவு கேட்டவள். 'உனக்கு ஊசி போட்டதே லீவு எடுக்காமல் இருக்கத்தான்' எண்டு திருப்பி அனுப்பினார். மெசினடியில மயங்கி விழுந்திட்டாள்."

"அவள் எங்கட ஆஸ்பத்திரியிலதான் கிடக்கிறாள். வாட்டில கட்டில் இல்லை. ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் விறாந்தையில, பாயில. பாக்கிற எங்களிலயும் பாதிப் பேருக்கு அதே காய்ச்சல். ஊசி போட்டபடியால்தான் உயிர் தப்பினவள் எண்டு டொக்டர் சொல்லுறார். ஓய்வு குடுக்காததுதான் பிழையாம்."

"அதை எங்கட மனேஜருக்கு ஆர் சொல்லுறது?"

"அவரும் நேற்று இருமிக்கொண்டு எங்கட ஆஸ்பத்திரிக்கு வந்தவர். தனி அறை கேட்டார். ஏலாது ஐயா எண்டு சுமதிக்குப் பக்கத்தில பாய் விரிச்சுக் குடுத்தன். ஒக்சிசன் குழாயோட அவள் எழும்பப் பாத்தவள். 'திங்கட்கிழமை வந்திடுவன் சேர்' எண்டாள்."

"அவர் என்ன சொன்னவர்?"

"'ஆரிட்டக் கேட்டு லீவில நிக்கிறாய்?' எண்டு கேட்டார்."