நாற்காலிக்கும் சக்கரம்தானே

காலையில் ஈஜிபுராவில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்வதற்குள் ஜன்னலோரத்துக்காரி ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க மேனேஜர் நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சது நான்தான்டி."

அதற்குப் பிறகு நான் போனைப் பார்க்கவில்லை.

"எதுக்குடி?"

"ஆயுத பூஜைக்கு ஆபீஸை அலங்காரம் பண்ணோம்ல? அவர் ரூம் என் பொறுப்பு. வாழைக்கன்னு கட்டினேன், மாவிலை கட்டினேன், சாமந்திச் சரம் விட்டேன். அப்பவும் பல் டாக்டர் ரூம் மாதிரியே இருந்துச்சு. வண்டிக்கு வெக்கிறோமே, இதுக்கும் சக்கரம்தானேன்னு எல்லா சக்கரத்துக்கும் வெச்சுட்டேன்."

"அந்தச் சிடுமூஞ்சிக்கா?"

"தெரியாம வந்து உக்காந்து, மேஜைகிட்ட ஒரே இழுப்பா இழுத்தாரு. அத்தனை பழமும் நசுங்கிடுச்சு. என் வேலை போச்சுன்னே நினைச்சேன்."

"அப்புறம்?"

"குனிஞ்சு பார்த்தாரு. பின்னாடி தள்ளி இன்னொரு தடவை ஏத்தினாரு! வாயாலேயே ஹாரன் வேற அடிச்சாரு!"

இருவரும் எதிர்க் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"ரூமெல்லாம் எலுமிச்சை வாசனை. அன்னைக்கு யாருக்கும் திட்டே விழலை. என் கல்யாண லீவுக்குக்கூட சரின்னுட்டாரு."

"இன்னைக்கு உங்க டைரக்டரம்மா வர்றாங்கல்ல? அவங்க இன்னும் மோசம்னியே."

"அவங்க ரூம்ல மர நாற்காலிடி. சக்கரமே கிடையாது."

"அப்போ என்ன பண்ணுவே?"

அவள் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். பின்சீட்டில் எனக்கே வாசனை அடித்தது.

"நாற்காலியை நேத்தே மாத்திட்டேன்."