இரண்டு தட்டு

பழைய காரின் கதவை ஒருவர் மூடும் ஓசையைக் கொண்டே அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் சொல்லிவிடுவேன். சற்றுமுன் தங்கள் ஜீப்பின் கதவைத் தாங்கள் இருமுறை அறைந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். குற்றம் கதவின்மீது இல்லை.

அமருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கிரீஸ் ஒட்டிக்கொள்ளும்.

பழைய இரும்புக் கடையொன்றின் பின்புறத்தில், உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில், ஷெட்டில் நிற்கும் அந்தக் காரை வாங்கினேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற என் சகாக்கள் நடைப்பயிற்சிக்குப் போனார்கள். நான் கார்புரேட்டரைப் பிரித்தேன். கதவிடுக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வரும்வரை கீல்களைத் திருத்தினேன். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ, அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பதே என் கொள்கை.

மாப்பிள்ளைக்கும் கார்ப்பைத்தியம் உண்டு. என் மகளோடு முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்றே, தண்ணீர்கூடக் குடியாமல் ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. “எனக்கு வெளியிலேர்ந்து சக்களத்தி வரவே வேணாம்பா, நீங்களே ஒருத்தியை ஷெட்டுல வளத்து வெச்சிருக்கீங்க” என்று மகள் சிரித்தாள்.

ஆயினும் அவருடைய பைத்தியம் வேறு வகை. எதையும் இருந்தபடி விட்டுவைக்க அவருக்குக் கை வராது.

“கை வெக்காதீங்க மாப்பிள்ளை” என்றால், “கை வெக்காம எப்படி மாமா ரிப்பேர் பண்றது? மந்திரம் சொல்லியா?” என்பார். “இது காரா, பரீட்சைப் பேப்பரா? ஒரு புள்ளி மாறினா மார்க்கைக் குறைச்சுடுவீங்க போலிருக்கே.”

நானும் சிரிப்பேன். முதலில் சைலன்சர் போயிற்று. அதனிடத்தில் தெருநாய்களைச் சிதறடிக்கும் உறுமல் ஒன்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு, கண்புரை அறுவைக்காக நான் மருத்துவமனையில் இருந்த வேளையில், டாஷ்போர்டின் மரப்பலகையை ரம்பத்தால் அறுத்து, அதில் ஒரு திரையைப் பொருத்திவிட்டார். கட்டுப் பிரித்த கண் ஷெட்டுக்குள் முதலில் கண்ட காட்சி அது.

“பின்னாடி கேமரா வெச்சிருக்கேன் மாமா. இனிமே கழுத்தைத் திருப்பிக் கஷ்டப்பட வேணாம். எல்லாம் இதுலயே பளிச்சுன்னு தெரியும்.”

தாங்கள் இதைப் பரிவு என்பீர்கள். என் மகளும் அவ்வாறே சொன்னாள். அந்த வரியோடிய பலகை இனி எங்கும் கிடைக்காது என்று அவளிடம் பொறுமையாக எடுத்துரைத்தேன். “வெறும் மரம்தானேப்பா” என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்லள். அவர் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் வேலைமுறையைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஜாக்கால் காரை உயர்த்தியபின், அடிச்சட்டத்தின்கீழ் மரக்கட்டைகளை அடுக்குவோம். மேலே நிற்பவர் கட்டைகளைச் சரிபார்த்து “படுங்க” என்று சொன்னால்தான் மற்றவர் கீழே போவார். அடியிலிருந்து பேசினால் சொல் தெளிவாகக் கேட்காது. ஆகையால் ஸ்பானரால் தரையைத் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் ‘நிறுத்து’. இரண்டு தட்டு என்றால் ‘தூக்கு’. என் “படுங்க” என்ற சொல்லை அவர் ஒருநாளும் குனிந்து சரிபார்த்ததில்லை. எதையும் இருமுறை பார்ப்பவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று பிற்பகல் சாக்கில் சுற்றிய எதையோ கொண்டுவந்தார். “அடியில ஒரு வேலை இருக்கு மாமா. முடிச்சுட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் கேக்கக்கூடாது” என்றார். இன்னும் எதை அறுக்கப்போகிறாரோ என்று எண்ணினேன். ஜாக்கை ஏற்றினேன்.

“படலாமா மாமா?”

“படுங்க மாப்பிள்ளை.”

கட்டைகள் நழுவிவிட்டன என்று தங்களிடம் அன்று சொன்னேன். தாங்கள் அன்று எடுத்த புகைப்படத்தில் அவை சுவரோரம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததை இப்போது கண்டுபிடித்திருக்கிறீர்கள். நல்ல கவனம். பொருள்களை இறைத்துப்போடும் பழக்கம் எனக்குக் கிடையாது; பொய்க்காகக்கூட அது வரவில்லை.

மகள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “என்னப்பா சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. ஜாக்கை இறக்கினேன்.”

அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. அன்றும் சொல்லவில்லை. ஜாக்கின் திருகைத் திறந்து விட்டவன் நான்தான்.

அதன்பின் இரண்டு தட்டு கேட்டது. சற்று இடைவெளி விட்டு, மீண்டும் இரண்டு. குனிந்து பார்த்தேன். சாக்கு விலகிக் கிடந்தது. அதில் சுற்றி வந்தது பழைய சைலன்சர். அவர் கழற்றி எறிந்ததைப் போன்றதன்று, அதுவேதான். எந்தக் காயலான் கடையில் தேடிப் பிடித்தாரோ, துருப் போக்கி, கறுப்புப் பூசி, எனக்காகத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். பாதி பொருத்தியும் விட்டிருந்தார். அதைக் கண்டபோது என் மனம் இளகியது என்பதை மறைக்கமாட்டேன்.

ஜாக்கின் கைப்பிடி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூக்கியிருக்கலாம். தூக்கினால் அவர் வெளியே வந்து, “ஏன் மாமா?” என்று கேட்பார். எனக்கு விடை தெரியாத கேள்வியோடு எந்த மாணவனும் என் எதிரில் நின்றதில்லை. ஆகவே கைப்பிடியைத் தொடாமல் நின்றேன். தட்டுகள் ஒற்றையாயின. ஒரு தட்டுக்கு ‘நிறுத்து’ என்று பொருள். நானோ எதையும் செய்துகொண்டிருக்கவில்லை.

தாங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனபின், அவர் விட்டுவைத்த போல்ட்டுகளை நானே முடுக்கினேன். அவர் முடுக்கியவற்றில் ஒரு குறையும் இல்லை. முழு மதிப்பெண் போடலாம்.

ஷெட்டின் கதவைப் பூட்டிக்கொண்டு தங்களுடன் வருகிறேன், சற்றுப் பொறுங்கள். மகள்தான் அவளுடைய அறையை விட்டு வெளியே வர மறுக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடிவாதம் அதிகம், தானாகத் தணிந்துவிடும். அப்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அப்பா காரைப் பழையபடி ஆக்கிவிட்டார், இப்போது சத்தமே இல்லை, முன்சீட்டும் அவளுக்காகக் காலியாகத்தான் இருக்கிறது.