வாரம் முப்பத்தொரு கிலோமீட்டர்

கறை பட்ட துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போடக்கூடாது. கறை இழையோடு ஒட்டிக்கொண்டு, பிறகு எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம். இதைக்கூடத் தெரியாமல் பலர் குடும்பம் நடத்துகிறார்கள்.

நான் மருத்துவமனையில் துணி அறைப் பொறுப்பாளராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை எண்ணி, பிரித்து, சலவைக்கு அனுப்பி, திரும்ப வாங்கி அடுக்குவது என் வேலை. ஒரு விரிப்பை உதறிப் பார்த்தாலே அதில் படுத்திருந்தவர் எத்தனை நாளாகப் புரண்டு படுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் "பாவம், விவரம் தெரியாத பொம்பளை" என்று எனக்காகப் பேச வேண்டாம்.

என் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். டெப்போவில் அவரை எல்லாரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேசினாலே தெரு திரும்பிப் பார்க்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். வாரத்தில் ஐந்து நாள் வண்டியில் இருப்பார், மீதி இரண்டு நாள் வீட்டில் தூங்குவார். அவர் ஓட்டிய பாதையில் ஓர் அருவி உண்டு. பயணிகள் பார்ப்பதற்காக அங்கே இருபது நிமிடம் வண்டியை நிறுத்துவார். கல்யாணமான புதிதில், என்னையும் ஒருமுறை கூட்டிப்போங்கள் என்று கேட்டேன்.

"தண்ணி கொட்டறதப் பாக்க அவ்ளோ தூரம் வரணுமா? குழாயத் தெறந்து வெச்சுப் பாரு" என்றார்.

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டேன். அப்புறம் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு வாசற்படி. இதற்காகத்தான் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள். ஓர் அருவிக்காக யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது எலும்பு மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, "மூணு மாசந்தாம்மா கணக்கு. தினம் எழுப்பி நடக்க வெச்சா எழுந்துடுவாரு. படுக்க விட்டீங்கன்னா படுத்துடுவாரு" என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது. திரும்பச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

வேறு ஊரில் வேலையில் இருக்கும் எங்கள் மகள் வி.ஆர். கண்ணாடி ஒன்றை வாங்கி அனுப்பினாள். கண்ணில் மாட்டிக்கொண்டால் காடு, மலை, ஏரி எல்லாம் நம்மைச் சுற்றி வந்து நிற்கும். அதில் ஊர் சுற்றும் செயலி ஒன்றை அவளே போட்டுக் கொடுத்திருந்தாள். கணுக்காலில் இரண்டு பட்டைகள் கட்ட வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஓர் அடி வைத்தால் காட்டுப் பாதையில் ஓர் அடி நகரும். வீட்டுக்கு வந்துபோன பிசியோ பெண்ணுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வெறும் கூடத்தில் நட என்றால் நடக்காத மனிதர், அந்த மரம் வரை, அந்தப் பாலம் வரை என்று நடந்தார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வண்டி ஓட்டிய காலும் அப்படித்தான். முதல் வாரம் நாற்பது அடி வைத்தார், மூன்றாம் வாரம் நானூறு.

அந்தச் செயலியில் மூன்று நிலைகள் உண்டு. நின்று, உட்கார்ந்து, படுத்து. உட்கார்ந்தோ படுத்தோ இருந்தால் கால் வேண்டாம். தலையைத் திருப்பினால் போதும், பாதை தானாக நகரும். மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு நாள் அவர் களைத்துப்போய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏதோ ஒரு பனி ஏரிக்குப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் வந்திருக்கியா?" என்று கேட்டார்.

"வந்திருக்கேன்" என்றேன்.

"குளிருது பாரு. நல்லாப் போத்திக்கோ" என்று சொல்லிக் கையை நீட்டினார். நான் என் கையைக் கொடுத்தேன். அவர் விடவில்லை. ஏரியில் வாத்து இறங்குவதை, தூரத்து மலையை, கரையில் கிடந்த படகை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார். முப்பத்து நான்கு வருடத்தில் அப்படி ஓர் அரை மணி நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் பொய்யாகிவிடும்.

கண்ணாடியைக் கழற்றியதும் அவர் பழைய ஆளாகிவிட்டார். காபி ஆறிப்போனதற்குக் கத்தினார். மறுநாள் தொலைபேசியில் டெப்போ நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். சுற்றுலாப் பேருந்து ஓட்ட ஆள் வேண்டுமாம், இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றார். "வீட்ல உக்காந்து இவ மூஞ்சியவே எத்தன நாள் பாக்கறது?" என்று சொல்லிச் சிரித்தார். நான் அதே அறையில்தான் இருந்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆண்கள் அப்படிப் பேசிக்கொள்வார்கள்.

அன்று மாலை கணுக்கால் பட்டைகளைத் துவைப்பதற்காகக் கழற்றினேன். திரும்பக் கட்டவில்லை. செயலியைப் படுத்த நிலைக்கு மாற்றினேன். வாக்கரை மடித்துப் பரண் மேல் வைத்தேன்.

பிசியோ பெண்ணிடம், மகள் வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் முகம் வாடியது. "நல்லா வந்துட்டிருந்தாரேம்மா, விட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மகள் விஷயம் வேறு. செயலி வாரா வாரம் அவளுக்கு ஒரு சுருக்கம் அனுப்பும். எத்தனை இடம் போனார், எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும். நின்றா, படுத்தா என்று இருக்காது. நிலையை மாற்றிய முதல் வாரமே முப்பத்தொரு கிலோமீட்டர் என்று போயிருக்கிறது. அவள் உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, முப்பத்தொண்ணு கிலோமீட்டரா! நாங்கூட அவ்ளோ நடக்க மாட்டேம்மா. அப்பா கிட்ட குடு."

"இப்பவும் நடந்துட்டுதான் இருக்கார். நடுவுல நிறுத்துனா கத்துவார், உனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

அவள் சிரித்தாள். ஃபோனிலேயே அழுதாள்கூட. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேனா என்று நேற்று என்னைக் கேட்டீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. பூசணிக்காயை அவளே சோறு என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

முதல் சில நாள் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிறகு, "போதும், கழட்டு. எழுப்பி நிக்க வை" என்றார். கழற்றினால் கத்தல், மாட்டினால் அமைதி. எந்த மனைவியானாலும் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் விழிக்கும் முன்பே மாட்டிவிடுவேன். அவராகப் பிடுங்கி எறிந்தபோது கண்ணாடியின் ஓரம் கீறிவிட்டது. மகள் ஆசையாக வாங்கி அனுப்பியது. அதனால் கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். குழாயைப் பிடுங்கும் நோயாளிகளுக்கு வார்டில் கட்டும் மெத்தென்ற துணிதான். ரத்த ஓட்டம் நிற்காத முடிச்சு. மணிக்கட்டில் காயம் ஏதும் இல்லை என்று உங்கள் மருத்துவரும் எழுதியிருக்கிறார். அதில் எனக்குத் திருப்தி.

கீழ் வீட்டு அம்மாள் ஒரு நாள் மாடிப்படியில் கேட்டார். "என்ன, ஹாரன் சத்தத்தையே காணோம்?"

"அவரு எங்க வீட்ல இருக்காரு? ஊர் சுத்திட்டு இருக்காரு" என்றேன். இருவரும் சிரித்தோம்.

கத்தினார்தான். கண்ணாடியில் பறவைச் சத்தத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் கூட்டி வைத்தேன். அவருடைய குரல் அவருக்கே கேட்காமல் போனதும் கத்துவதை விட்டுவிட்டார். அப்புறம் மெதுவாக, "இறக்கிவிடு" என்று மட்டும் சொல்வார். நிறுத்தம் தாண்டிவிட்ட பயணி ஓட்டுநரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்பார். காலையில் சொல்வார், சாப்பாட்டு வேளையில் சொல்வார், சாயந்திரம் சொல்வார். நான் அவர் காதருகே குனிந்து, "இன்னும் கொஞ்ச தூரந்தாங்க" என்பேன். சூப்பும் பாலும் குழல் வைத்துக் கொடுத்தேன். பட்டினி போடவில்லை.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் படுத்த நிலையில் ஒருக்களித்தால் கண்ணாடிக்குள் பூமியே சாய்ந்துவிடும், அவருக்குத் தலை சுற்றும். ஒருமுறை புரட்டினேன், வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு புரட்டவில்லை. படுக்க வைத்த மூன்றாம் வாரம் விரிப்பில் முதல் கறையைப் பார்த்தேன். ஐந்தாம் வாரம் புண் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று துணியைப் பார்த்தே தெரிந்தது. நான் விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தேன். தினம் மாற்றினேன். எங்கள் வீட்டு விரிப்புகளை நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, ஒன்றிலும் கறை இருக்காது.

அந்தச் சமயம் அவரை ஒரு மழைக்காட்டுக்குக் கூட்டிப்போயிருந்தேன். பெரிய பெரிய இலைகள், ஒரே பச்சை என்று அவர் முன்பு சொல்லியிருந்த இடம்.

"இங்க ஏதோ செத்துக் கெடக்கு" என்றார்.

"மானா இருக்கும்" என்றேன்.

"பக்கத்துலதான் கெடக்கு. ரொம்ப நாத்தம்."

"தாண்டிப் போயிடலாம்" என்று சொல்லி அவர் தலையை மெல்லத் திருப்பிவிட்டேன். பாதை நகர்ந்தது. ஆனால் நாற்றம் கூடவே வந்திருக்க வேண்டும். "நான்தானா அது?" என்று கேட்டார். நான் பறவைச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

சனிக்கிழமை குளிருகிறது என்றார். அன்று நாங்கள் போயிருந்தது பாலைவனத்துக்கு. அது காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு போர்வை போர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை 'இறக்கிவிடு' என்று சொன்னார். குரல் சரியாக வரவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் மகள் நிற்கிறாள், கையில் ஒரு பெட்டி. சொல்லாமல் வந்திருக்கிறாள். அப்பாவுக்கு நடக்கிற ஷூ வாங்கியிருந்தாள். மூன்று பேருமாக நிஜமாகவே ஒரு மலைக்குப் போகிறோம், அறையெல்லாம் பதிவு செய்துவிட்டேன் என்று வாசலிலேயே மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அப்பா எங்கம்மா?"

"உள்ளதான். மெதுவா வா, அருவி பாத்துட்டிருக்கோம்" என்றேன்.

அவள் அறை வாசல் வரை போனாள். கத்தவில்லை. பெட்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. என்மேலோ அவர்மேலோ ஒன்றும் வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது. இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. உங்களிடம் அழாமல் பேசுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள்.

நான்தான் செய்தேன். எழுந்து நடந்திருக்க வேண்டிய மனிதரை, நடந்துவிடுவார் என்று தெரிந்தே படுக்க வைத்தேன். புண் வரும் என்று தெரியும், வந்தது என்று தெரியும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்றும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை மாலையே அவர் இறந்துவிட்டார் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் திங்களும் செவ்வாயும் நாங்கள் அருவிக்குப் போனோம். கழுத்து வலிக்கக் கூடாதென்று தலையை நான்தான் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் கை அவர் கைக்குள்தான் இருந்தது. பதினான்கு கிலோமீட்டர் என்று மகளுக்குப் போன சுருக்கத்திலேயே இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு நாளும் அவர் ஒருமுறைகூட இறக்கிவிடு என்று கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் அவர் மனம் ஒப்பி என்னோடு வந்த பயணம் அது ஒன்றுதான்.