எட்டுப் போட்ட தெருவும் லூர்து மேரியின் விசிலும்

தலைமை தாங்குவதோடு அடுத்த கொஞ்ச நேரத்துக்கு என்னையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளப்போகிற ஊராட்சித் தலைவர், பெருமதிப்பிற்குரிய தீர்த்தம்மாள் அவர்களே! மேடைக்கு வலப்புறம் வரிசை கட்டி வீற்றிருக்கும் மாரியம்மன் கோயில் தெருப் பெரியோர்களே! இடப்புறம் இம்மியும் குறையாமல் இடம்பிடித்திருக்கும் மாதா கோயில் தெருப் பெரியோர்களே! இண்டூர்ச் சாலையில் மனை பிரித்துப் போட்டு, மன்னர் வருவாரா, மந்திரி வருவாரா, மனை வாங்க ஒரு மனிதராவது வருவாரா என்று வழிமேல் விழி வைத்திருக்கும் கொடைவள்ளல் மாதவராஜ் அவர்களே! முழங்காலில் சிராய்ப்பும் முகத்தில் சிரிப்புமாக அமர்ந்திருக்கும் பந்தய வீரர்களே! பெற்றெடுத்த தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து 'சீக்கிரம் முடி' என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசி நிர்மலாதேவி அவர்களே! அனைவருக்கும் காணும் பொங்கல் வணக்கம்!

கைதட்டல் போதும். மைக் பிடித்தால் நான் விடமாட்டேன் என்பது நல்லம்பள்ளி வரைக்கும் தெரிந்த செய்தி. அதனால் இன்று என் மனைவி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். "அளவு மீறினா ஊதிடுங்கக்கா" என்று அதோ, முன்வரிசையில் இருக்கும் லூர்து மேரி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அம்மாவின் கழுத்தில் விசில் தொங்குகிறது. ஆகவே அன்பர்களே, நான் இன்று பேசுவது பேச்சல்ல. விசிலுக்கும் எனக்கும் நடக்கும் பந்தயம்!

பந்தயம்! உலகத்தில் எத்தனையோ பந்தயங்கள் உண்டு. பெருநகரங்களில் தெருவை மறித்துத் தடுப்பு வைத்து, கண்ணைச் சிமிட்டுவதற்குள் காணாமல் போகும் கார்களை ஓட்டுகிறார்கள். போகட்டும். அந்தக் காரில் கேன் கட்ட முடியுமா? மூடியில்லாத இரண்டு பால் கேனில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மொபெட்டின் இரண்டு பக்கமும் மாட்டி, ஊரைச் சுற்றி வர அவர்களால் முடியுமா? முதலில் வந்தால் மட்டும் போதுமா? கேனில் முக்கால்வாசிக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் முதலில் வந்தவனும் முடிந்தான்! வேகமும் வேண்டும், விவேகமும் வேண்டும். பாலில் தண்ணீர் கலப்பது பழைய பழக்கம். பாலே இல்லாமல் தண்ணீரை மட்டும் சுமப்பது எங்கள் ஊர்ப் பால்காரர்களின் புரட்சி!

அங்கே யார் எழுந்திருப்பது? விக்டரா? உட்காருப்பா. உன்னைச் சொல்லவில்லை. உன் பாலைத்தான் என் வீட்டிலும் வாங்குகிறோம்; தெளிவாகவே இருக்கிறது, அடிப்பாகம் வரை தெரிகிறது.

இப்போது தடத்தின் வரலாற்றுக்கு வருகிறேன். முதல் ஆண்டு மாரியம்மன் கோயிலை ஒரு சுற்று, அவ்வளவுதான். கோயில் வாசலில் புறப்பட்டு, அம்மனை வலப்பக்கம் வைத்துச் சுற்றி, வாசலிலேயே வந்து முடிப்பது. சாமியை வலமாகத்தானே சுற்ற வேண்டும்? இடமாகச் சுற்றினால் ஆத்தா சும்மா விடுவாளா? அந்த ஆண்டு அடியேனும் ஓட்டினேன். சிரிக்காதீர்கள், அப்போது என் வயிறு இந்தத் தொகுதியில் இவ்வளவு செல்வாக்குப் பெறவில்லை. முதல் வளைவில் வண்டியை வளைத்தேன். வண்டி வளைந்தது, நான் வளையவில்லை. எழுந்து பார்த்தால் என் கேனில் ஒரு பசுமாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் எல்லைக்கோட்டை எட்டியபோது பரிசு கொடுத்து முடித்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு மாதா கோயில் தெரு கொதித்தது. "ஏங்க, கேன் கட்றவன்ல பாதிப் பேரு எங்க தெரு. ரேஸ் மட்டும் எங்க தெருவுக்கு வராதுங்களா?" நியாயமான கேள்வி. சரி, அங்கேயும் ஒரு சுற்று என்று முடிவாயிற்று. எந்தப் பக்கமாக? அங்கேதான் அய்யா ஆரம்பித்தது வினை! மாதாவின் சப்பரம் கோயிலை விட்டுக் கிளம்பினால் முதலில் கிழக்குத் தெருவுக்குத்தான் போகும். கோயில் கட்டக் கல் சுமந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. முதல் மரியாதை அவர்களுக்கு. அப்படிப் போனால் சப்பரம் சுற்றுவது இடப்பக்கமாக. "சப்பரம் போற வழியிலதான் ரேஸும் போகோணும்" என்றார்கள். "அம்மனை வலமாத்தான் சுத்தோணும்" என்றார்கள் இவர்கள்.

சாலைப் பணியில் பொறியாளராக இருக்கும் நம் சிவக்குமார் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினார். "அண்ணே, ரெண்டையும் ஒரே பக்கமாச் சுத்துனா வண்டி வண்டிக்குக் குறுக்க வராது. ஒண்ணு வலம், ஒண்ணு இடம்னா நடுவுல குறுக்க வெட்டிக்கும். வண்டி மோதிக்கும்ணே." அவர் சொன்னதை யாராவது கேட்டார்களா? இரண்டு தெருவும் சேர்ந்து அவர் போட்ட கோட்டைக் காலால் அழித்தது! நானும் ஒரு கால் வைத்தேன். ஊர் ஒற்றுமைக்கு என் பங்களிப்பு.

விளைவு? எட்டு! அன்பர்களே, எட்டு! ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி லைசென்சுக்கு எட்டுப் போடச் சொன்னால், காலை ஊன்றி, கையை உதறி, கம்பத்தைச் சாய்த்து, மறுபடியும் மறுமாதம் வரச் சொல்லப்பட்ட மாவீரர்கள் நிறைந்த ஊர் இது. அந்த ஊர் ஓர் எட்டைத் தார்ரோட்டிலேயே போட்டது!

தடத்தை நீங்கள் அறிவீர்கள். ஏரியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளுக்காகச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் வாசலில் புறப்பாடு. அங்கிருந்து நேராக வந்தால் தண்ணீர்த்தொட்டி முக்கு. முக்கைத் தாண்டி மாதா கோயில் தெரு. கிழக்கே திரும்பினால் ஜெயராணி டீச்சர் வளைவு; அந்த வளைவில் வண்டி வழுக்கினால் டீச்சர் ஜன்னலிலிருந்தே மார்க் போடுவார். பிறகு மாதா கோயிலைச் சுற்றி, வைக்கோல் கட்டு அடுக்கிய சந்து வழியாக மறுபடியும் அதே தொட்டி முக்கு. இந்த முறை குறுக்கே! அதைக் கடந்து அம்மனை வலம் வந்து வாசலுக்கு. இப்படி மூன்று சுற்று. தடுப்பு என்ன? வைக்கோல் கட்டும், மணல் மூட்டையும், யார் வீட்டுக் கட்டிலோ அதுவும். காலையில் முளைக்கும், மாலையில் மறையும் தடம். நாளைக் காலையில் போய்ப் பாருங்கள், மாடு கட்டியிருக்கும்.

ஆக, வருகிறவனும் போகிறவனும் சந்திக்கும் இடம் தொட்டி முக்கு. அந்த முக்கில்தான் லூர்து மேரி அம்மாவின் பஜ்ஜிக் கடை. எட்டுப் போட்ட முதல் ஆண்டிலேயே சிவக்குமாரின் சாக்பீஸ் பலித்தது. அந்தத் தெரு வண்டி ஒன்று, இந்தத் தெரு வண்டி ஒன்று. மோதி, உருண்டு, இரண்டு பேரும் கடலைமாவுக் குண்டாவில் போய் விழுந்தார்கள். எழுந்தபோது யார் எந்தத் தெரு என்று தெரியவில்லை. மத நல்லிணக்கத்தை அப்படி மஞ்சள் நிறத்தில் நான் பார்த்ததே இல்லை! எண்ணெய்ச் சட்டி ஓரடி தள்ளி இருந்தது. சிரித்த நாங்கள் அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினோம்.

அம்மா உள்ளே போனார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர் பெரியநாயகம் அண்ணனின் விசில் ஆணியில் தொங்கியது. எடுத்தார். ஊதினார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். முக்கில் போட்ட குறுக்குக் கோட்டுக்குள் யார் சக்கரம் முதலில் வருகிறதோ அவருக்கு வழி. மற்றவர் கால் ஊன்றி நிற்க வேண்டும். எது முதல் என்று சொல்வது அம்மாவின் விசில்; அவர் யாரைப் பார்த்து ஊதுகிறாரோ அவர் நிற்பார். அந்த விசிலுக்கு மேல்முறையீடு கிடையாது. சென்னை உயர்நீதிமன்றத்திலும் கிடையாது!

இந்த ஆண்டுக் கதைக்கு வருகிறேன். மாதவராஜ் அவர்கள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "அந்த முக்கு ஒரு நாள் உயிரக் குடிக்குங்க. எங்க லே-அவுட்டுல ரோடு போட்டுக் கெடக்குது. அங்க வச்சுக்கலாம்" என்றார். ரோடு கிடப்பது உண்மை. ஆளில்லாமல் கிடப்பதும் உண்மை. கோபிக்காதீர்கள் அய்யா, உங்கள் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. தலைவர் தீர்த்தம்மாள் தீர்ப்புச் சொன்னார்: "இந்த வருசம் முக்குல ஒரு வண்டி இடிச்சாலும் அடுத்த வருசம் லே-அவுட்டுதான். பேச்சே இல்ல."

இது ஊரின் கவலை. லூர்து மேரி அம்மாவுக்கு வேறொரு கவலை. அவர் மகன் ஆண்டோ. நல்ல பிள்ளை, நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு குறை, ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவதாக வருவான். பார்த்த பெண்ணெல்லாம் கைநழுவிப் போய், இன்று ஏரியூரிலிருந்து சவுரியப்பன் அய்யா தம் மகள் சில்வியாவோடு வந்திருந்தார். பெண் தருமபுரியில் நர்ஸ், விபத்துப் பிரிவில் வேலை. வந்தது காணும் பொங்கலுக்குத்தான், மாப்பிள்ளை பார்க்க இல்லை என்று அவர் சொன்னார். நாங்களும் நம்புவதாகச் சொன்னோம். ஆனால் மாதா கோயில் வாசலில் அவர் ஒரு வார்த்தை விட்டார்: "வருசா வருசம் ரெண்டாவதா வர்ற பையனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது? இன்னைக்கு மொதலா வரட்டும், பேசலாம்." கோயில் வாசலில் சொன்னது கோயில் மணியை விட வேகமாக ஊரைச் சுற்றியது. நான் சொல்லவில்லை. நிர்மலா, ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் நாலைந்து பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

கடைசிச் சுற்று! தொட்டிப் படிக்கட்டில் மைக்கோடு வர்ணனைக்கு நான். கீழே பஜ்ஜிக் கடை பெஞ்சில் அப்பாவும் மகளும். நடு முக்கில் விசிலோடு அம்மா. மாதா கோயில் சந்திலிருந்து ஆண்டோ வருகிறான், முதலாவதாக! கேனில் தண்ணீர் தளும்பவில்லை. பின்னால் விக்டர் விரட்டுகிறான். குறுக்கே கடந்தால் கோயிலைச் சுற்றி வெற்றிக்கோடு! கடந்தால் கல்யாணம்! அப்போது, அன்பர்களே, அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தது தெரியுமா? ஒரு சுற்று பின்தங்கி, உலகக் கவலையே இல்லாமல், ஊர்வலம் போகிறவரைப் போல என் மைத்துனர் மாரப்பன்! எங்கள் குடும்பத்துக்கு வேகம் என்றும் ஆகாது.

இருவர் சக்கரமும் கோட்டை நெருங்குகிறது. மாரப்பன் சக்கரம் ஒரு விரற்கடை முன்னால். பார்த்தது எத்தனை கண்? அம்மாவின் கண் மட்டுமே! அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். மாரப்பனைப் பார்த்து ஊதியிருந்தாலும் யாருக்குத் தெரியும்? மாரப்பனுக்கே தெரியாது! ஆனால் அந்தத் தாய் மகனைப் பார்த்துத் திரும்பினார். ஊதினார்!

ஆண்டோ பிரேக்கைப் பிடித்தான். கால் ஊன்றினான். கேன் தளும்பிப் பாதித் தண்ணீர் ரோட்டில். இன்ஜின் நின்றது. மாரப்பன் எனக்குக் கையாட்டிக்கொண்டே கடந்தார். வழி திறந்த அந்தக் கணத்தில், வந்த வேகத்திலேயே விக்டர் தாண்டிப் போனான். ஆண்டோ உதைக்கிறான், உதைக்கிறான், வண்டி எழவில்லை. எவர்சில்வர் கேன் பரிசை விக்டர் வென்றான். வாழ்க! வென்றவனுக்குக் கைதட்டுங்கள், வஞ்சனை வேண்டாம்.

என் வாய் சும்மா இருக்குமா? மைக்கிலேயே கேட்டேன்: "ஏண்டா ஆண்டோ, கைக்கு வந்தது, ஏண்டா நின்ன?"

கீழேயிருந்து கத்தினான்: "எங்கம்மா ஊதுனா எங்கப்பாவே நிப்பாருங்க! நான் எம்மாத்திரம்?"

பெரியநாயகம் அண்ணே, தலையாட்டாதீர்கள். வாழ்நாளெல்லாம் பஸ்ஸை நிறுத்தியவர் நீங்கள், வீட்டில் நிற்பவரும் நீங்கள்தான்.

ஊர் சிரித்தது. சவுரியப்பன் அய்யா சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏம்மா, பெத்த மவன் பொழப்ப நீயே ஊதிக் கெடுத்துட்டியே?"

அம்மா கடைக்குத் திரும்பி, அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "மாரப்பன் சக்கரந்தான் மொதல்ல வந்துச்சுங்க. எம்மவன்னு ஊதாம வுட்டா, நாளைக்கு இந்த விசிலுக்கு எவன் நிப்பான்?" கரண்டியை எண்ணெயில் வைத்தார்; சட்டியில் பஜ்ஜியே இல்லை, அதையும் அவர் கவனிக்கவில்லை.

அப்போது சில்வியா, இடம்விட்டு எழாமலேயே, "அப்பா, உக்காருங்க" என்றாள். "வார்டுல தெனமும் பாக்கறேன். முட்டி ஒடைஞ்சு வர்றாங்க, மண்டை ஒடைஞ்சு வர்றாங்க. எல்லாரும் மொதல்ல போகப் பாத்தவங்கதான். நிக்கத் தெரிஞ்சவரு ஒருத்தரும் வந்ததில்ல. எனக்கு நிக்கறவரு போதும்."

கைதட்டுங்கள்! இதற்குத் தட்டாத கை எதற்கு?

சவுரியப்பன் அய்யா என்ன சொன்னார் என்கிறீர்களா? உட்கார்ந்தார். "சூடா ரெண்டு பஜ்ஜி போடுங்க, சம்மந்தி" என்றார்!

ஆகவே தலைவர் அவர்களே, மாதவராஜ் அவர்களே, கேட்கிறேன். உங்கள் லே-அவுட்டில் ரோடு இருக்கிறது, முக்கு இருக்கிறதா? நேராகப் போக யாராலும் முடியும். எதிரே வருகிறவனுக்காக நிற்க முடியுமா? அம்மனை வலம் வந்தவனும் மாதாவை இடம் வந்தவனும் ஒரே இடத்தில் சந்தித்து, 'நீ முதலில் வந்தாய், நீ போ' என்று சொல்கிறோமே, அந்த இடத்தை எந்த மனையில் பிரித்துக் கொடுப்பீர்கள்? நாங்கள் தப்பாகத்தான் போட்டோம் அந்த எட்டை. அறிவில்லாமல்தான் போட்டோம், சிவக்குமாரின் கோட்டை அழித்துத்தான் போட்டோம். ஆனால் அந்தத் தப்பில்தான் நிற்கக் கற்றுக்கொண்டோம்! இந்த ஆண்டு முக்கில் வண்டி இடித்ததா? இல்லை! ஏன் இடிக்கவில்லை? ஒரு தாய் ஊதினாள்! ஒரு மகன் நின்றான்! அடுத்த ஆண்டும் இதே தெரு, இதே எட்டு, இதே முக்கு! தலைவர் அம்மா தலையசைத்துவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? மாதவராஜ் அய்யாவும் கைதட்டுகிறார். இந்த நேரத்தில் தெருப் பந்தயங்களின் எதிர்காலம் குறித்து நான் எடுத்து வைக்க விரும்பும் முக்கியமான பதினோரு கருத்துகளில் முதலாவதாக...

ஊதிவிட்டார்.

நின்றுவிட்டேன், அம்மா. கால் ஊன்றிவிட்டேன். இவ்வளவு நேரம் பொறுத்த இரண்டு தெருவுக்கும் நன்றி. கல்யாணப் பந்தியில் சந்திக்கும்வரை வணக்கம்!