என் மகன் புத்தகம் தூக்குகிறவன் அல்ல

1941-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ஆம் தேதி விழுப்புரம் சப் மாஜிஸ்டிரேட் முன்பாக, தானே ஆஜரான சாட்சி சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொன்னது.

என் பெயர் சவுரியம்மாள். காலஞ்சென்ற சவுரிராயன் மனைவி. வயது சுமார் ஐம்பது. கிறிஸ்தவ மதம். விவசாயக் கூலி. திண்டிவனம் தாலுகா மயிலத்தை அடுத்த சேரியில் குடியிருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே ரயிலேறி வந்தேன்.

மாசிலாமணி என் ஒரே மகன். பி.ஏ., பி.எல். எங்கள் சேரியிலிருந்து கோர்ட்டுக்குப் போனவர்கள் நிறைய உண்டு, எல்லாரும் கைகட்டி நின்றவர்கள். கறுப்புக் கோட்டுப் போட்டுப் போனவன் அவன் ஒருவன்தான். சென்ற ஆடி முதல் இவ்வூர் சர்க்கார் வக்கீல் விருத்தாசலம் அய்யா ஆபீசில் தற்காலிகமாக வேலை பார்க்கிறான். சர்க்கார் வழக்கு ஒன்று வந்தால், அதைப் போன்ற வழக்கில் ஹைகோர்ட் முன்னே என்ன சொல்லியிருக்கிறது என்று தீர்ப்புப் புத்தகங்களில் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். சாதகம், பாதகம் இரண்டையும் அய்யா மேஜையில் வைக்க வேண்டும். இந்த மாதம் அவன் வேலை நிரந்தரமாக வேண்டியது.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. தேடி எடுத்த தீர்ப்பை, சட்டம் தெரியாத ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். கேட்டவருக்கு விளங்கினால்தான் சொன்னவருக்கு விளங்கியதாக அர்த்தம். மற்றப் பிள்ளைகள் யாரிடம் சொல்வார்களோ, என் மகன் என்னிடம் சொல்வான். ஆள் பெயர், ஊர்ப் பெயர் சொல்ல மாட்டான், சட்டத்தை மட்டும் சொல்வான். நான் கேப்பைக் கூழ் துழாவிக்கொண்டே கேட்பேன். எனக்கு விளங்கவில்லை என்றால் மறுபடி புத்தகத்தைப் பிரிப்பான்.

சென்ற மார்கழி மாதம் அவன் சொன்னதாவது: புறம்போக்கில் பயிர் வைத்தவன் ஊரில் இருக்கும்போது, நோட்டீசை அவன் கையில் கொடுக்காமல் மரத்தில் ஒட்டிவிட்டுப் பயிரை அழித்தால் செல்லாது. மரத்தில் ஒட்டினால் ஆடுமாடா படிக்கும் என்று நான் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "இதத்தாம்மா அந்த ஜட்ஜும் கேட்டுக்கிறாரு" என்றான். எனக்கு அன்றைக்குக் கூழே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு நான் துரைக்கண்ணு என்பவர் பட்டா நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆயப் போனேன். மகன் வேண்டாமென்றுதான் சொல்வான், என் கை சும்மா இருக்காது. ஏரிப் புறம்போக்கில் அவர் வைத்த பயிரை சர்க்கார் ஆட்கள் அழித்ததாகவும், வழக்கு நடப்பதாகவும் அவர் மனைவி தையல்நாயகி சொல்லி அழுதார். அழுதவர் என் பக்கம் திரும்பி, "ஒம் புள்ளயும் அந்த சர்க்காருக்குத்தானே பொஸ்தகம் தூக்கிக்கினு திரியறான்" என்றார். ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் சொன்னது இது: "எம் புள்ள பொஸ்தகம் தூக்கறவன் இல்லிங்கம்மா. சட்டத்தத் தேடிப் புடிக்கிறவன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் என்ன பிடித்தான் என்றும் முழுக்கச் சொன்னேன். சிரிப்பு நின்றது. தையல்நாயகி ஆய்வதை விட்டுவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் மகன் கையில் இருந்தது அவர்கள் வழக்குதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதன்பிறகு துரைக்கண்ணுவின் வக்கீல் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, இதே ஊர் கோர்ட்டில் வாசித்து, வழக்கு சர்க்காருக்கு எதிராகத் தீர்ந்தது. மகன் அதே தீர்ப்பை முன்னமே அய்யா மேஜையில் வைத்திருக்கிறான். எதிராளி எடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அய்யா சொன்னாராம். இப்போது என் மகன் லஞ்சம் வாங்கிக்கொண்டு எதிராளிக்குச் சொல்லிவிட்டான் என்று அவனை வேலைக்கு வர வேண்டாமென்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. வயலில் பேசியதை அவனிடம் சொன்னேன். "நீ எங்கயும் போய் பேசாதம்மா" என்றான். இதைப் பற்றி இங்கே நடக்கிற விசாரணையில் என் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் நான் வந்தேன். திறந்தது என் வாய், நீண்டது அவன் கை அல்ல.

தையல்நாயகியிடம் ஏதாவது வாங்கினாயா என்று கேட்டதற்கு: வழக்கமான கூலி வாங்கினேன். அன்று அதற்கு மேல் ஒரு கை மல்லாட்டை போட்டார். வறுத்துத் தின்றுவிட்டேன்.

குமாஸ்தா சொன்ன ஆபீஸ் ரகசியத்தை வெளியில் சொன்னதற்கு வருத்தமில்லையா என்று கேட்டதற்கு: மகன் வேலை போனால் என் உயிரே போனமாதிரி. ஆனால் சொன்னதற்கு வருத்தமில்லை. "அச்சுப் போட்டு விக்கிற பொஸ்தகத்துல கீறது எப்பிடிங்க ரகசியமாவும்?"

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசிக் கேள்வியில் என் மகனைக் குமாஸ்தா என்று எழுதியிருப்பது தப்பு, அதைத் திருத்தினால்தான் ரேகை வைப்பேன் என்றேன். ஓரத்தில் ‘மாசிலாமணி, பி.ஏ., பி.எல்.’ என்று எழுதினார்கள். எழுதிய இடம் எது என்று கேட்டேன், தொட்டுக் காட்டினார்கள். இப்போது எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, எல்லாம் நிஜம்.

சவுரியம்மாள் இடது கைப் பெருவிரல் ரேகை.