சுளுக்கு என்று சொன்னேன்

சுளுக்கு எடுப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, ஐயா. மதார் சாகிபை நீங்கள் விட்டுவிடலாம். ராயபுரத்தில் பாதிப் பேருடைய கழுத்தும் இடுப்பும் அவர் கைபட்டுத்தான் நிமிர்ந்திருக்கின்றன.

நான் துறைமுகத்து முதலுதவிக் கொட்டகையில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் பழகிய வேலை. என் தங்கை ஞானத்தின் புருஷன் இன்னாசி, அரிசி மூட்டை அடுக்கிலிருந்து தலைகுப்புற விழுந்தான். எழுந்து நடந்தேதான் என்னிடம் வந்தான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. உட்காரச் சொன்னேன். இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"தலை தனியா கயண்டு வந்துடும் போல கீது, மச்சான்," என்றான்.

பிடரியில், மண்டை முடிகிற இடத்தில் விரல் வைத்தேன். துடித்துப்போனான். விரல்களெல்லாம் மரத்துப்போகின்றன என்றான். இப்படி ஒருவன் வந்தால் கழுத்தை அசைக்காதே, மல்லாக்கப் படுக்க வை, தலைக்கு இரு பக்கமும் மணல் பை கொடு, வாயைத் திறக்கச் சொல்லி அதன் வழியே எக்ஸ்ரே எடு என்று ராணுவ டாக்டர் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகியிருந்தது. கழுத்தின் மேல் எலும்பு உடைந்தவன் நடப்பான், பேசுவான். திருப்பினால் மூச்சு நின்றுவிடும்.

இன்னாசி குடித்துவிட்டு ஞானத்தை அடிப்பான். அவள் காதோரக் காயத்துக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

அவனை வீட்டுக்கு அழைத்துப்போனேன். ஞானம் பயந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்ணே," என்று கெஞ்சினாள்.

"வெறும் சுளுக்கும்மா. பாய் வந்து ஒரு திருப்பு திருப்புனா சரியாப் பூடும்," என்றேன்.

மதார் சாகிப் வந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "கையெல்லாம் மரத்துப் போச்சுன்றானே நைனா, நீ நல்லா பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றேன். விவரம் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பினார். இன்னாசி திமிறாமல் இருக்க அவன் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டது நான்தான். அவன் கத்தக்கூட இல்லை.

அடக்கம் முடிந்ததும் ஞானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உனுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அதையும் சொன்னேன். செய்தது எல்லாமே அவளுக்காக.

அவளே இந்த ஸ்டேஷனுக்கு வந்து என் பெயரைச் சொன்னாள் என்கிறீர்கள். மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அது மட்டும் பொய்.